நீலக் குறி இல்லாத போன்

உள்ளறை மேசையில் ஏதோ ஒருமுறை உறுமி அடங்கியது. பிரசீதா கப்பைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே தலையசைத்தாள். ஓர் உறுமல் என்றால், போன் விழித்து நேராகத் தன் ஒரே வேலைக்குப் போய்விட்டது. இரண்டு முறை உறுமினால் எங்கோ தடுக்கி விழுந்திருக்கிறது. கிழங்கு காத்திருக்க வேண்டியதுதான்.

திருச்சூரில் அவள் வீட்டுக்குப் போனோடு வருகிறவர்கள், அதிலிருந்து எதையாவது பிடுங்கி எறியச் சொல்லித்தான் வருகிறார்கள். பள்ளியில் கணினிப் பாடம் நடத்துகிறவள் பிரசீதா. யாரும் உள்ளே புகுந்து திருத்தக்கூடிய லினக்ஸ் போனை வரவழைத்து, அதில் ஒரே ஒரு செயலியை மட்டும் மிச்சம் வைப்பாள். தேவாலயப் பாடகர் ஒருவருக்குப் பாட்டு மட்டும். பார்வை மங்கிய வக்கீலுக்குச் செய்தி வாசிக்கும் குரல் மட்டும். "மனுஷனே ஒரு வேலைய ஒழுங்காச் செய்யறதில்ல. போன் மட்டும் எதுக்கு நூறு செய்யணும்?" என்பாள்.

வேலை முடிந்ததும் ஒரு சடங்கு உண்டு. போனை முழுதாகத் திறக்கும் கடவுச்சொல்லை உடையவரே தட்ட வேண்டும். தட்டி முடிக்கும்வரை பிரசீதா சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பாள். "உங்க போன்ல உங்களுக்குத் தெரியாம ஒண்ணும் ஒளிஞ்சிருக்கக் கூடாது" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வாள். "போனுக்குச் சோறூட்டு முடிஞ்சுதா?" என்று, குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் சடங்கைச் சொல்லிக் கணவர் கேலி செய்வார்.

அன்று உறுமியது வக்கீலின் போன். அதை எடுக்க அவள் எழுவதற்குள் வாசலில் ஷிஜோ நின்றான்.

ஷிஜோ வெல்டிங் பட்டறைக்காரன். மனைவி லின்ஸி அயர்லாந்தில் நர்ஸ். அவன் அனுப்பிய செய்தியை அவள் படித்ததும் விழுகிற நீலக் குறிதான் அவனுக்கு வினையானது. படித்தவள் ஏன் பதில் போடவில்லை, யாரோடு இருந்தாய் என்று தினமும் துளைத்தெடுத்தான். இன்னொரு தடவை அப்படிக் கேட்டால் எல்லாம் முடிந்தது என்று லின்ஸி சொல்லிவிட்டாள். பிள்ளைகள் இல்லாத வீடு. அவளை விட்டால் அவனுக்கு யார்? அழுதுகொண்டு வந்தவனுக்கு, செயலிக்குள் புகுந்து அந்தக் குறியை மறைத்துக் கொடுத்தாள் பிரசீதா. எழுதலாம், வந்ததை வாசிக்கலாம், அவ்வளவுதான். மழை தொடங்கிய நாளிலிருந்து அவன் எழுதிக்கொண்டே இருந்தான். ஞாயிறுதோறும் லின்ஸியிடமிருந்து இரண்டு வரி வந்தது.

இப்போது கண்கள் குழிவிழுந்து, பால் விடாத கட்டன்சாயாவும் வேண்டாமென்று நின்றான்.

"அந்தக் குறியத் திருப்பிப் போட்டுடுங்க சேச்சி. அவ பாக்கறாளா இல்லையான்னு தெரியாம தூக்கமே இல்ல."

அது அழிந்துபோய்விட்டது என்று ஒரு பொய் சொன்னால் போதும். நாக்கின் நுனிவரை வந்தது.

"நீங்கதான சொன்னீங்க, என் போன்ல எனக்குத் தெரியாம ஒண்ணும் ஒளிஞ்சிருக்கக் கூடாதுன்னு."

பிரசீதா போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே வந்து அவன் கடவுச்சொல்லைத் தட்டினான். தான் எடுத்த வரிகளை அவள் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தாள்.

திரை முழுக்க நீலம், ஒவ்வொரு குறியோடும் படித்த நேரம். அவன் எழுதிய ஒவ்வொன்றையும், அனுப்பிய அதே நிமிடத்தில் லின்ஸி படித்திருந்தாள். பிரசீதா திரையை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கடல் தாண்டிய குளிரில், கையில் போனோடு ஒருத்தி இத்தனை நாளும் காத்திருந்திருக்கிறாளே!

"பாத்தீங்களா சேச்சி," ஷிஜோவின் குரல் இறுகியது. "எல்லாம் அப்பவே படிச்சிருக்கா. படிச்சிட்டு ஊமை மாதிரி இருந்திருக்கா."

"டேய், அவ காத்துட்டு இருந்திருக்காடா. கேக்காத. ஒண்ணும் கேக்காத."

அவன் காதில் அது ஏறவில்லை. கட்டைவிரல்கள் திரையில் ஓடத் தொடங்கியிருந்தன. செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு, கொட்டுகிற மழையில் வெறுங்காலோடு, குனிந்த தலை நிமிராமல் தட்டிக்கொண்டே போனான்.

பிரசீதா கூப்பிடவில்லை. அந்தச் செருப்புகளை எடுத்து, முந்தானையால் ஈரத்தைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.