பாடுப் பட்டியலும் ஒரு வெள்ளைப் பக்கமும்

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்த நாள், எந்த இடம், எந்தக் குடும்பம் என்று முறை உண்டு; அதற்குப் பாடு என்று பெயர். தவறவிட்டால் சுற்று முடிந்து மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பெண்களுக்குப் பாடு கிடையாது. அந்தக் கடுப்போ என்னவோ, பாடுப் பட்டியலை வெப்சைட்டில் ஏற்றும் வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். கூட்டாளி, பழவேற்காட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாய். இரண்டு பேருக்கும் சம்பளம் கிடையாது.

ஆன்லைனில் ஒரு ஷீட்டும் அதைக் காட்ட ஒரு பக்கமும் போதும் என்றார் பாய். நான் கேட்கவில்லை. புதிதாக வந்திருந்த, கோடிங் தெரிந்தால்தான் தொட முடிகிற ஒரு ஃபிரேம்வொர்க்கில் செய்தேன். ஊருக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் இன்டர்வியூவில் காட்டிப் பீற்றிக்கொள்ளத்தான்.

"ஏம்மா, நீ கண்ணாலம் கட்டிகினு போய்ட்டா இத்த யாரு பாக்கறது?" என்றார்.

"அப்போ பாத்துக்கலாம் பாய்."

ஏலக் கொட்டகைப் பலகையில் சாக்பீஸால் எழுதுவதை ஊர் நிறுத்திவிட்டது. எல்லாரும் போனைப் பார்க்கப் பழகிய பிறகு, ஒரு அப்டேட்டில் வெப்சைட் படுத்துவிட்டது. வெறும் வெள்ளைப் பக்கம். நான் மீஞ்சூர் ரயிலில் நசுங்கிக்கொண்டிருந்தேன். பாயால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்று என் அப்பா, நைனாவின் பாடு. தன் முறை என்று நினைத்து இன்னொரு படகும் அதே இடத்துக்கு வந்துவிட்டது. சத்தம் போட்டிருந்தால் நைனா ஜெயித்திருப்பார். "என் பொண்ணு செஞ்ச கோளாறு, நீயே கட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு, நனையாத வலையோடு திரும்பிவிட்டார்.

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்த ஞாயிறே எல்லாவற்றையும் அழித்தேன். ஷீட்டில் பட்டியல், அதை அப்படியே காட்டும் சாதாரணப் பக்கம், அவ்வளவுதான். பார்க்கச் சப்பென்று இருந்தது. வரிகளை மாற்ற பாய்க்குக் கற்றுக்கொடுத்து முடித்தபோது அவர் டீ இன்னும் ஆறவில்லை.

இப்போது எனக்குப் பெங்களூரில் வேலை. போன வாரம் ஊரில் ஒரு சாவு. சாவு விழுந்தால் யாரும் ஏரியில் இறங்கமாட்டார்கள். எல்லார் பாடும் ஒருநாள் தள்ளிப்போகும். எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. பதறிப்போய் லேப்டாப்பைத் திறந்தால், பாய் அன்றே எல்லா வரியையும் தள்ளி வைத்திருந்தார். நைனாவுக்கு போன் போட்டேன்.

"இன்னா நைனா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"உன்கிட்ட கேக்க இன்னாம்மா கீது? அதான் பேஜ்லயே போட்டுகீதே. நான் வல கட்டிட்டே வந்துட்டேன்."

போனை வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.