சூசைத் தாத்தாவின் மகன்

பொங்கலுக்கென்று கத்தாரில், நஜ்மா பகுதிக் கடை ஒன்றில் மஞ்சள் குலை வந்திருந்தது. ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்த நான் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தேன். எங்கள் கடலோர ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய முதியோர் இல்லம் நினைவுக்கு வந்துவிட்டது.

அம்மா அங்கே சமையல் செய்தாள். பொங்கலன்று மாதா சிலை இருந்த கெபி முன்னால் பானை வைத்து, அதன் கழுத்தில் மஞ்சள் கட்டுவார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. சூசைத் தாத்தா மட்டும் சாப்பிடாமல், கத்தாரில் இருந்த மகனுக்காகத் தன் இலையை மூடி வைத்திருந்தார்.

"தாத்தா, ஒங்க மவன் வாசல்ல நிக்காவ," என்றேன் விளையாட்டாக.

அவர் முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். பொய் என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. மாலை ஜெபமணி அடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

"வந்துட்டுப் போயிட்டான் போல. நாந்தான் பிந்திட்டேன்," என்றார் திரும்பி வந்து.

அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை. அடக்கத்துக்கும் மகன் வரவில்லை.

கடையில் என் பக்கத்தில் அறுபதை நெருங்கிய ஒருவர் மஞ்சள் விலை கேட்டார். பேச்சில் எங்கள் ஊர் தெரிந்தது.

"அண்ணாச்சி, ஒங்க அப்பா பேரு சூசையா?"

"இல்லம்மா. ஏன் கேக்கிய?"

பதினோரு வருடமாக இங்கே பலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். ஏன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.