கிங்பின் மாற்றிய கார்

திருவனந்தபுரத்தில் ஒருவர் ‘நல்ல பணியா’ என்றால், வேலை நிறைய இழுக்கும் என்று அர்த்தம். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து கரமனையில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த முதல் வாரம், நான் பிரித்துப் போட்டிருந்த இன்ஜினைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொன்னார். பாராட்டுகிறார் என்று நினைத்து ‘தேங்க்ஸ் சார்’ என்றேன். பதினாறு வருஷமாகியும் அதைக் கேட்டால் மனசு ஒரு கணம் குளிர்கிறது. பிறகுதான் அர்த்தம் புரிகிறது. இங்கே என்னைப் போல வந்தவர்களுக்கு இது தெரியும்.

போன வருஷம் அப்படிச் சொன்னவர் பிள்ளை சார். இங்கிலாந்தில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, அங்கே வாங்கிய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தவர். சங்குமுகத்தில் கடலுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறார். கண் மங்கிவருகிறது, இன்னும் ஒரு வருஷம்தான் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்குள் கோவளம் வரை ஒரு தடவை போகவேண்டும் என்றார்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி அசைத்தேன். டக் டக் என்று ஆடியது. சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் கிங்பின் தேய்ந்திருந்தது, அதைச் சுற்றியிருக்கும் புஷ்களும் போயிருந்தன. புது கிங்பின் இங்கிலாந்திலிருந்து வர இரண்டு மாதம். புஷ்ஷை ஆரியசாலையில் லேத்தில் கடைந்து வாங்கினேன். சார் தினமும் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“செல்வம், நினக்கு ஊருக்குத் திரிச்சுப் போகணும்னு தோணாதா?”

“தோணும் சார். அண்ணன் வீட்டு முன்னால ஒரு ரூம் கிடக்கு. அதுல ஒர்க்‌ஷாப் போடணும்.”

“வேகம் போ. நான் வந்தது வைகிப் போச்சு.” தாமதமாகிவிட்டதைத்தான் அப்படிச் சொன்னார்.

எல்லாம் மாட்டி முறுக்கும்போது, சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்டத்தில் பூசியிருந்த தார் உதிர்ந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. கடல் காற்றில் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. வெல்டிங் வைக்கக்கூட நல்ல தகடு மிச்சமில்லை. முதல் நாளே தட்டிப் பார்த்திருக்க வேண்டும். சக்கரத்தின் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

“ரோட்டுல எடுத்தா சக்கரம் பிடுங்கிட்டுப் போயிரும் சார்.”

“மாத்தான் பற்றுமா?”

“மாத்தலாம். வரவழைச்சு முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆவும்.”

சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். “மதி,” என்றார். போதும் என்று அர்த்தம். ஸ்டாண்டில் நின்ற காரில் மெல்ல ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பினார். “இப்ப சத்தமில்ல,” என்றார்.

அடுத்த வாரமே நான் அம்பாசமுத்திரம் போனேன். அண்ணன் அந்த ரூமைச் செல்போன் கடைக்கு விட்டிருந்தான். “நீ வரவே மாட்டேன்னுலா நெனச்சோம். ஒம் பிள்ளைகளும் அங்க மலையாளம் படிக்கு,” என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். முகம் கழுவப் போனேன். கொடியில் வீட்டுத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்கக் கை நீட்டுமுன் அம்மா வேகமாக வந்து, பீரோவிலிருந்து எடுத்த, மடிப்புக் கலையாத துண்டைத் தந்தாள். வெளியாட்கள் வந்தால் கொடுப்பதற்கென்று அவள் தனியாக வைத்திருப்பது அது.