டைகருக்கு அமெரிக்காவிலிருந்து வந்த வேலி

போன ஞாயிறு மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் நாயின் கழுத்துப் பட்டியைக் காட்டினார். எலக்ட்ரானிக் பட்டியாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி இருக்கிறதாம். நாய் அதைத் தாண்டப் போனால் பட்டி கத்துமாம், அப்புறம் லேசாக ஒரு ஷாக்காம்.

"லேட்டஸ்ட் டெக்னாலஜி ஆன்ட்டி" என்றார்.

"எங்கள் வீட்டில் எழுபதுகளிலேயே இருந்தது தம்பி" என்றேன்.

வயதானவர்களைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு ஒன்று சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணமான புதிது. புகுந்த வீடு கோபாலபுரத்துக்குப் பக்கத்தில், கேரளத்துப் பக்கம். பிறந்த வீடு செக்போஸ்டைத் தாண்டி நாலு மைல், பொள்ளாச்சிப் பக்கம். நடுவில் செக்போஸ்டின் குறுக்குத் தடி ஒன்றுதான். ஆனால் புதுப்பெண்ணுக்கு அந்தத் தடி இமயமலை. நினைத்தபோது தாய்வீடு போய் வந்தால் ஊர் என்ன சொல்லும்?

எனக்குத்தான் தடை. டைகருக்கு ஏது?

டைகர் எங்கள் அப்பா வீட்டு நாய். பேர்தான் டைகர் - அணிலைக் கண்டால் ஒதுங்கிப் போகும். மறுவீடு முடிந்து நாங்கள் திரும்பியபோது காருக்குப் பின்னாலேயே ஓடி வந்துவிட்டது. சீர்வரிசையில் எழுதாத சீர். எனக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே பழைய முகம் அதுதான்.

வந்ததோடு இருந்ததா? தினமும் காலையில் கிளம்பிவிடும். செக்போஸ்டில் லாரி நிற்கும், கார் நிற்கும், மாட்டு வண்டிகூட நிற்கும். டைகர் மட்டும் தடிக்கு அடியில் குனியாமல் போகும். அம்மா வீட்டில் சாப்பிடும். மாலையில் திரும்பி வரும். ஆபீஸ் போய் வருகிற மாதிரி... லீவு கிடையாது.

இது மெதுவாக டீக்கடைக்குப் போனது. டீக்கடையிலிருந்து என் மாமியார் காதுக்கு வந்தது.

"மருமக ஊட்டு நாயி இங்க சோறு பத்தாம தெனமும் செக்போஸ்டுக்கு அக்கட்டால போய்த் தின்னுட்டு வருதாமா. நாய்க்கே இப்படின்னா மருமகளுக்கு என்ன போடறாங்களோன்னு பேசறாங்க" என்றார் அத்தை. குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்தவே மாட்டார், அதுதான் பயம். "இன்னொருக்கா போச்சுன்னா, அங்கயே கட்டி வெச்சுக்கச் சொல்லி உங்கொப்பனுக்குச் சொல்லியனுப்பிரு அம்மிணி."

"சரிங்கத்தை" என்றேன். கல்யாணமாகி வந்த இரண்டு மாதத்தில் நான் அவரிடம் பேசிய மொத்தப் பேச்சும் அந்த ஒரு வார்த்தைதான்.

கட்டிப் போட்டுப் பார்த்தோம். ஊளையிட்டது. வீட்டில் நாய் ஊளையிடலாமா? அரை நாளில் அத்தையே அவிழ்த்துவிட்டார்.

என் கணவர் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த தம்பிக்கு எழுதினார். பதிலுக்கு, ஊர் திரும்பிய ஒரு நண்பர் கையில் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. வயர் சுருள், கழுத்துப் பட்டி, சுவரில் சொருகுகிற சின்ன மிஷின். விவரமெல்லாம் தனியாக ஏர்மெயிலில் வந்தது. மகன் கடிதம் என்றால் அத்தைக்குக் கை நிற்காது. பிரிக்கிற அவசரத்தில் ஓரத்தில் ஒரு துண்டு கிழிந்து, அடுப்போடு போயிற்று. போகட்டும், மீதி இருக்கிறதே.

மீதியில் இருந்தபடி செய்தோம். வீட்டையும் களத்தையும் சுற்றி வயரைப் புதைத்தோம். பழைய வேட்டியைக் கிழித்து நாற்பது வெள்ளைக் கொடி நட்டோம். ரோட்டில் போனவர்கள் எலெக்ஷனா என்று விசாரித்தார்கள். மிஷினைச் சொருகியதும் லேசாக ஒரு வாசம் வந்தது. அமெரிக்க மிஷின் அப்படித்தான் மணக்கும் போல என்று பேசிக்கொண்டோம்.

அப்புறம் பயிற்சி. இரண்டு வாரம், காலையும் மாலையும், நாயைக் கயிற்றில் பிடித்துக் கொடி வரைக்கும் கூட்டிப் போக வேண்டும். பட்டி கத்தியதும் திருப்பிக் கூட்டி வந்து, தின்ன ஏதாவது கொடுக்க வேண்டும். கணவருக்கும் மாமனாருக்கும் தோப்பில் தேங்காய் வெட்டு. வீட்டில் மிச்சம் யார்? அத்தையும் நானும்.

"வாயில்லாச் சீவனுக்கு ஷாக்கா? என்ற கையில அது ஆகாது" என்றார் அத்தை. கொடிக்கு நாலடி இருக்கும்போதே கயிற்றைச் சுண்டித் திருப்பிவிடுவார். மடியிலிருந்து கச்சாயம் ஒரு துண்டு எடுத்து டைகர் வாயில் போடுவார். அரிசியும் வெல்லமும் அரைத்து எண்ணெயில் சுட்ட கச்சாயம். டைகர் அதற்கு முன் எந்த வீட்டிலும் அப்படி ஒன்றைத் தின்றதில்லை. பட்டி கத்துமா, கத்தாதா என்று பார்க்க யாருக்கும் சந்தர்ப்பமே வரவில்லை.

தினம் இரண்டு வேளை, இரண்டு பெண்கள், நாலு மூலை. எவ்வளவு நேரம்தான் பேசாமல் நடக்க முடியும்?

மூன்றாம் நாள் அத்தை ஆரம்பித்தார். கிழக்கு மூலையில் நின்று, "நானும் அக்கட்டால இருந்து வந்தவதான் அம்மிணி. வந்த புதுசுல கன்னுக்குட்டியத் தேடறேன்னு சொல்லிட்டு இங்க வந்து நிப்பேன். எங்க ஊர்ப் பனமரம் தெரியும்" என்றார்.

"கன்னுக்குட்டி எங்கீங்கத்தை போயிருக்கும்?"

"அது தொழுவத்துல கட்டிக் கிடக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்த வீட்டுக்கு வந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டைகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது, கச்சாயம் எப்போது வரும் என்று.

இரண்டு வாரம் முடிந்தது. கயிற்றை அவிழ்த்தோம். டைகர் களத்தை விட்டு நகரவில்லை. ஆனாலும் பழக்கம் விட்டுவிடக் கூடாது என்று, காலையும் மாலையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றி வருவதை அத்தை நிறுத்தவில்லை. செக்போஸ்டில் இருந்தவர்கள் நாய்க்கு உடம்பு சரியில்லையா என்று ஆள் விட்டுக் கேட்டார்கள். டீக்கடை வாய் மூடியது. மாமனார் வருவோர் போவோரிடம் எல்லாம் வேலியைக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் காட்டினார் என்று கேட்காதீர்கள்... காட்டினார்.

இரண்டு மாதம் கழித்து வீட்டில் ஃப்யூஸ் போயிற்று. லைன்மேன் வந்தார். சுவரில் இருந்த மிஷினைப் பார்த்தார், கழற்றினார், மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"இது நூத்திப்பத்து வோல்ட்டுங்க. நம்முளுது எரநூத்திச் சொச்சம். நடுவுல ஒரு டிரான்ஸ்பார்மர் வெக்கோணும். சொருகுன அன்னிக்கே செத்திருக்குமுங்க."

கிழிந்து போன துண்டில் என்ன எழுதியிருந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கணவர் பட்டியை எடுத்துக்கொண்டு கொடியைத் தாண்டிப் போனார், வந்தார், மறுபடி போனார். சத்தம் இல்லை. அந்த வேலி ஒரு நாள்கூட இருந்ததே இல்லை.

வேலியை நம்பித்தானே டைகரை வைத்திருக்கிறார்கள்? வேலி இல்லை என்றால் நாளைக்கே அது போய்விடும், போனால் அங்கேயே கட்டச் சொல்லிவிடுவார்கள். எனக்கு இருக்கிற ஒரு துணையும் போகும். அத்தை சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மா, தம்பிக்கு என்ன எழுதறதுங்க?" என்றார் கணவர்.

"பிரமாதமா வேலை செய்யுதுன்னு எழுது" என்றார் அத்தை. "பையன் அத்தனை தூரத்துலிருந்து அனுப்பியிருக்கறான்."

"நாயி போயிருச்சுன்னா?"

"போனா போயிட்டு வரட்டும். அதுக்கென்ன இப்போ."

அவ்வளவுதான். செத்த மிஷின் மறுபடி சுவரில் ஏறியது. கொடிகள் நின்றபடி நின்றன.

வெயில் தாழ்ந்ததும் அத்தை மடியில் கச்சாயத்தை முடிந்துகொண்டு வந்து என் முன்னால் நின்றார். "பொழுதாச்சு அம்மிணி. வா, ஒரு சுத்துச் சுத்திட்டு வருவோம்."

"பொட்டிதான் போயிருச்சுங்களே அத்தை, இன்னும் எதுக்குங்க நடக்கறது?"

"நாயி பழகிருச்சல்லொ. நிறுத்துனா ஏங்கிப் போயிரும்."

நடந்தோம். அவருடைய தங்கச்சி கல்யாணத்தில் பந்தியில் நடந்த சண்டையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். கிழக்கு மூலை வந்துவிட்டது. கயிறு கையில் இல்லையே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். டைகர் வாசற்படியில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் கிளம்பியதே அதற்குத் தெரியாது.

அத்தையும் பார்த்தார். கொடிக்கு நாலடி இருக்கும்போது நின்றார், மடியை அவிழ்த்தார், கச்சாயத்தை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை என் கையில் வைத்தார். சண்டையை விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொண்டே வீட்டுப் பக்கம் திரும்பினார். நானும் திரும்பினேன்.

பட்டி யார் கழுத்தில் இருந்தது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கச்சாயம் நன்றாகவே இருந்தது.