கோயில்பிள்ளை லீவில் போனார்

என் அக்கா டொறீனின் கணவர் ஒஸ்வல்ட், மாத்தளையில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் கோயில்பிள்ளை. விடிய ஐந்து மணிக்கு மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசைக்குத் திராட்சை ரசம் எடுத்து வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள் லீவு போட்டதில்லை. கலியாணம் கட்டிய மறுநாளே புதுப்பெண்ணை விட்டுவிட்டு விடியற்காலையில் மணியடிக்கப் போன மனுஷன். அந்தக் கோபம் அக்காவுக்கு இருந்ததோ என்னவோ, எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

தான் இல்லாவிட்டால் கோயிலே நடக்காது என்பது மச்சானின் நினைப்பு. வாயால் சொல்ல மாட்டார், நடையிலேயே தெரியும்.

இரண்டு மகள்களையும் கட்டிக்கொடுத்த பிறகு அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நம்ம ரெண்டு பேரும் எங்கயாவது போய் ரெண்டு நாள் சும்மா இருந்துட்டு வரணுங்க. திருநாளுக்குக் கூட்டிட்டுப் போறதெல்லாம் கணக்கில்ல."

மச்சான் "பாப்போம்" என்பார். அந்தப் 'பாப்போம்' மூன்று வருஷம் ஓடியது.

அறுபத்தேழாம் வருஷம் ஓகஸ்டில் அக்காவுக்கு ஒரு வழி கிடைத்தது. உக்குவளை ஜவாஹிர் லக்கலப் பக்கம் காணி எடுத்துப் பயிர் செய்பவர். டவுனுக்கு மிளகாய் கொண்டுவந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து நடுவதற்குத் தடி கொண்டுவந்து திராட்சைப் பந்தல் போட்டிருப்பதாகவும், அது காய்த்துத் தொங்குவதாகவும் அக்காவிடம் பெருமையடித்தார். எங்கள் மழைக்கு மாத்தளையில் திராட்சை காய்த்து யாரும் பார்த்ததில்லை. அக்கா நேரே வீட்டுக்கு வந்து மச்சானைப் பிடித்தாள்.

"இத்தன வருஷமா ரசத்த எடுத்து வைக்கிறீங்களே, அந்தக் கொடி எப்படி இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு?"

மூன்றாம் நாள் மனுஷன் என்னிடம் வந்து, "ஹெர்பர்ட், திங்க, செவ்வா ரெண்டு நாளைக்கு மணியடிப்பியா?" என்றார். கயிறு எப்படி இழுப்பது என்று அரைமணி நேரம் பாடம் வேறு. பங்குச் சுவாமியார் உடனே லீவு கொடுத்துவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

திங்கட்கிழமை ஜவாஹிர் வீட்டுக்குப் பஸ் ஏறினார்கள். ரத்தோட்டை தாண்டி மலை ஏறும்வரை மச்சான் திரும்பித் திரும்பி டவுன் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாராம். மலை உச்சியில் றிவர்ஸ்டனில் பஸ் நின்றபோது இறங்கியவரின் தொப்பியைக் காற்று தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் போட்டது. அதற்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார் என்று அக்கா சொன்னபோது நான் நம்பவில்லை.

"வாங்க, இரிங்க" என்று ஜவாஹிரும் மனைவி ஸைனம்புவும் வரவேற்றார்கள். பந்தல் ஒரு சின்ன வீட்டளவு இருந்தது. மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதற்குக் கீழே போனார். கறுத்த குலைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக, "இதுல ரசம் எடுப்பீங்களா?" என்று கேட்டார்.

"அஸ்தஃபிருல்லாஹ்! பழமாத்தான் விக்கிறது!" என்று பதறினார் ஜவாஹிர்.

ஒரு பழத்தைப் பறித்துக் கொடுத்தார்கள். சரியான புளிப்பு. மச்சானின் ஒரு கண் மூடிக்கொண்டது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை திரும்ப வேண்டும். அந்த ஊருக்கு ஒரு நாளைக்கு ஒரே பஸ். வழியில் யானைகள் மறித்து நின்றதால் அன்றைக்கு அதுவும் வரவில்லை. மச்சான் நிலைகொள்ளாமல் தவித்தார். நடந்தே போய்விடுகிறேன் என்று கிளம்பியவரை ஜவாஹிர் பிடித்து உட்கார வைத்தார். வேறு வழியில்லாமல் பந்தலடியில் பாயைப் போட்டு அக்காவோடு பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று அக்கா எனக்குச் சொல்லவில்லை.

இங்கே நான் புதன், வியாழன் காலையும் மணியடித்தேன். கள்ளன் புகுந்துவிட்டான் என்று அடிப்பதுபோல் அடிக்கிறேன் என்று தெருவே சிரித்தது. வரட்டும், நாலு கேள்வி கேட்கிறேன் என்று காத்திருந்தேன்.

வியாழன் பின்னேரம் வந்து சேர்ந்தார்கள். "மன்னிச்சுக்க ஹெர்பர்ட், பஸ் வரல்ல" என்றார் மச்சான். சுவாமியாரிடமும் போய் அதையே சொன்னார்.

நான் குசினிக்குள் போய், அடுப்படியில் நின்ற அக்காவிடம் பொரிந்து தள்ளினேன். "ரெண்டு நாளா பஸ் வராம இருக்குமா அக்கா?"

அக்கா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"செவ்வாக்கிழமதான் வரல்ல. நேத்து வந்து, நின்னு ஹோர்ன் அடிச்சுது. நான் பேக்கத் தூக்கிட்டு ஓடினேன். இவருதான் கையக் காட்டி, 'நீ போப்பா'ன்னு அனுப்பிட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள். கலியாணத்தன்றுகூட அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

கேட்க வைத்திருந்த கேள்விகளையெல்லாம் விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். நாளைக் காலையும் நானே மணியடிக்கிறேன் என்று மச்சானிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.