ஒரே அளவு மீன்கள்

ஆம்பூரில் ஒரு டேனரியில் நான் ஆட்டுத்தோல் தரம் பிரிக்கிறவனாக இருந்தேன். பதப்படுத்திக் காய்ந்து வரும் தோலை மேஜைமேல் விரித்து, அளவும் குறையும் பார்த்து, ஒரே மாதிரியானதை ஒரே அடுக்கில் சேர்க்க வேண்டும். முள் கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி, மேய்க்கிறவன் கோலால் போட்ட அடி, எல்லாம் ஆடு செத்த பிறகும் தோலில் நிற்கும். வெளிச்சத்தில் ஒரு தடவை புரட்டினால் போதும், எந்தத் தழும்பு எத்தனை மாசத்தது என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கர்வம் ஜாஸ்தி.

கோபமும் ஜாஸ்தி. வீட்டில் கை நீட்டுவேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல இந்த வயதில் எனக்கு இஷ்டமில்லை. குழம்பில் உப்பு கம்மி என்றால் ஓர் அறை, ஏன் என்று கேட்டால் இன்னொன்று. கல்யாணமான மூன்றாம் வருஷம் என் மனைவி குடியாத்தத்திலிருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். தறிக்காரக் குடும்பம், அதிர்ந்து பேசாதவர்கள். நான்கு மாதம் கழித்து அண்ணனே அவளைக் கொண்டுவந்து விட்டார். கொடுத்த காபியைத் தொடாமல், நின்றபடியே சொன்னார்.

"மாப்ளே, இதான் கடைசி. இன்னொரு தபா கை வெச்சீங்கன்னா அவளே கெளம்பி வந்துடுவா. நான் மறுபடி கொண்டாந்து வுட மாட்டேன்."

சத்தியம் செய்து கொடுத்தேன். மனசாரத்தான் செய்தேன். ஆனால் என் கையை எனக்கே தெரியும், அதனால் பயமாகவும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வேலையாக மெட்ராஸ் போனபோது, பெரியமேட்டில் ஒரு தோல் ஏஜென்ட் வீட்டில் கண்ணாடித் தொட்டியைப் பார்த்தேன். உள்ளே கடல் தண்ணீர், கடல் மீன்கள். ரத்தம் கொதிக்கிறபோது இதன் முன்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் அடங்கிவிடும் என்றார் அவர். எனக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எந்த மீனோடு எந்த மீன் சேரும் என்று அவர் சொல்ல ஆரம்பித்தபோது நான் காது கொடுக்கவில்லை. தொட்டியின் நீள அகலத்தை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தேன்.

ஆம்பூரில் கடல் ஏது? டேனரி லாரிகள் துறைமுகத்தில் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். டிரைவர் ஒருவன் என் தோஸ்த், புதுப் பீப்பாயில் கடல் தண்ணீர் கொண்டுவந்தான். இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி பொருத்தி, துரு ஏறாமலிருக்கத் தார் பூசி, கூடத்தில் வைத்தேன். தண்ணீர் வற்றினால் உப்பு ஏறிவிடும் அல்லவா? அதற்கு டேனரியில் தோல் ஊறப்போடும் பட்டைச்சாறு எவ்வளவு காரம் என்று பார்க்க மிதக்கவிடும் கண்ணாடிக் குழாய் இருந்தது, பார்க்கோமீட்டர். கடல் தண்ணீரில் அது இருபத்தைந்தில் நின்றது. இருபத்தைந்துக்கு மேல் ஏறினால் பாலாற்று ஊற்றுத் தண்ணீரை ஊற்றி இறக்கிவிடுவேன். எங்கள் தெருக் கிணறு உதவாது, அதுவே பாதி உப்பு. காற்றுக்கு ஒரு லாரி டியூப். சைக்கிள் பம்பால் அடித்து நிரப்பி, மெல்லிய ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, மீனைத் தவிர.

மீனையும் நானே பொறுக்கினேன். லாரியில் போய், ராயபுரம் கரையில் ஒரு மீன்காரரிடம் ஏழு மீன் எடுத்தேன். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். அப்படியானால் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் தொல்லையே இல்லை. கைவிரலை வைத்து அளந்து, நாலு விரல் நீளத்துக்கு ஒரு மயிரிழைகூடக் கூடாமல் குறையாமல் எடுத்தேன். இரண்டு கிளாத்தி, மூன்று கீச்சான், இரண்டு வண்ணாத்தி. கிளாத்தியை மற்றதோடு விடாதே, அதற்கு மனுஷன் பல் என்றார் மீன்காரர். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் தோல் தரம் பிரிக்கிற என்னிடமா சொல்கிறாய் என்று சிரித்தேன். பிஸ்கெட் டின்களில் தண்ணீர் அலம்ப அலம்பக் கொண்டுவந்து சேர்த்தேன்.

மீன்களை விடும்போது என் மனைவி ஒன்று கேட்டாள், நாலு கல்லாவது போடக்கூடாதா, அதுகள் ஒளிய இடம் வேண்டாமா என்று. கல் போட்டால் மீன் எப்படித் தெரியும்? பார்க்கத்தானே வைத்திருக்கிறேன் என்றேன். அவள் காலி டின்களைக் கழுவ எடுத்துப் போனாள்.

இரண்டாம் நாளே ஆரம்பித்துவிட்டது. கிளாத்திகள் வண்ணாத்தியின் துடுப்பைக் கடித்துத் துப்பின. துடுப்பில்லாமல் அது சாய்ந்து மிதந்தபோது கண்ணைப் பிடுங்கின. குருடான மீன் கண்ணாடியில் முட்டி முட்டி நகர்ந்தது, மற்றவை பின்னாலேயே போய் வயிற்றைத் திறந்தன. இரண்டாவது வண்ணாத்தி மறுநாள். கீச்சான்கள் தங்களுக்குள் செதிலை உரித்துக்கொண்டன. மூன்றில் இரண்டு செத்தன.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. இரண்டு கிளாத்தியும் வாயோடு வாய் கவ்விக்கொண்டன. ஒன்று சின்னதாக இருந்திருந்தால் ஓடியிருக்கும், மற்றது விட்டிருக்கும். இரண்டும் சமம் என்பதால் ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. தண்ணீர் கலங்கியது. தெருவே கூடத்தில் வந்து நின்றது. சேவல் சண்டை போலச் சத்தம் போட்டார்கள். நானும் போட்டேன், அதைச் சொல்லியாக வேண்டும். தொடையைத் தட்டி, கடி, வுடாதே என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தபோது என் மனைவி அடுப்பங்கரை வாசலில் நின்றிருந்தாள். தொட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் ஒரு கிளாத்தி செத்தது.

திங்கள் காலை வேலைக்குக் கிளம்பும்போது பார்க்கிறேன், தொட்டிக்குள் ஓர் உடைந்த மண்சட்டி கவிழ்ந்து கிடந்தது. செதில் உரிந்த கடைசிக் கீச்சான் அதற்குள் ஒடுங்கியிருந்தது. கிளாத்தி வெளியே சுற்றிக்கொண்டிருந்தது. என்னைக் கேட்காமல் என் தொட்டியில் கை வைத்தது யார் என்று கத்தினேன்.

"நான்தான். ஓடறதுக்கு எடமே இல்லாம வுட்டா அது இன்னா பண்ணும்? சாவத்தான் வேணும்."

அவள் மீனைப் பற்றித்தான் சொன்னாள். எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. அறைந்தேன். தள்ளாடியவளை மறுபடி அறைந்தேன். அவள் தொட்டியின் இரும்புச் சட்டத்தில் போய் விழுந்தாள். முழங்கைக்கு மேலே சதை கிழிந்து ரத்தம் கொட்டியது. அத்தோடு நிற்கவில்லை நான். சட்டியை எடுத்து எறியக் கையைத் தொட்டிக்குள் விட்டேன், கிளாத்தி என் விரலைக் கவ்வியது. அப்படியே வெளியே இழுத்துத் தரையில் அடித்தேன். துள்ளியதைச் செருப்புக் காலால் நசுக்கினேன். அது செத்த பிறகும் மிதித்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது அவள் கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். அழவில்லை. இரண்டு புடவையைப் பையில் வைத்தாள். சத்தியம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. விரலில் ரத்தம் சொட்ட நின்றேன். அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனாள்.

அன்றைக்கும் வேலைக்குப் போனேன். வேறெங்கே போவது? மேஜையில் விரித்த ஒரு தோலில் கோலடி ஒன்று, ஆறு மாசத்துத் தழும்பு. கழித்துப் போட வேண்டியது, கை ஓடவில்லை. முகம் தெரியாத ஆட்டின் அடியை எல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன், மூன்று வருஷமாக அவளை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

சட்டியை நான் எடுக்கவில்லை. கீச்சான் ஒரு வாரம் வெளியே வரவில்லை. பிறகு தலையை நீட்டியது, பிறகு தொட்டி முழுக்கச் சுற்றியது. வேறு மீன் எதுவும் வாங்கவில்லை. தண்ணீரை மட்டும் இருபத்தைந்தில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் குடியாத்தம் போனேன். அவள் அண்ணன் வாசலிலேயே நிறுத்திவிட்டார், தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொல்லவில்லை. இனிமேல் கை நீட்ட மாட்டேன் என்று ஆரம்பித்தேன். அவர் தரையைப் பார்த்தார். உள்ளே தறிச் சத்தம் நின்றது. அவள் வந்து நிலைப்படியில் நின்றாள்.

"அந்தக் கீச்சான் உசுரோட இருக்குதா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் கேட்டுவிட்டாள், வந்துவிடுவாள் என்றே நினைத்தேன். "இருக்குது. நல்லா இருக்குது. செதிலெல்லாம் மொளச்சிடுச்சி. இப்ப பயமில்லாம சுத்துது" என்றேன்.

"தனியா இருக்குது இல்ல, அதான்."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். முழங்கைக்கு மேலே அந்த இடம் தெரிந்தது, ஆறி, வெளுத்து, ஒரு கோடாக. பார்த்ததுமே தெரிந்தது, இரண்டு மாசத்துத் தழும்பு, இனி போகாது. உள்ளே தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. அவள் அண்ணன் சொம்பை வாங்கிக்கொண்டு, ஆம்பூர் பஸ் எத்தனை மணிக்கு என்று சொன்னார்.