நான்காவது மைக்

நம்பாவிட்டால் போங்கள், எனக்கொன்றும் நட்டமில்லை. ஆனால் இது நடந்தது. பேய் என்று எவனாவது வாயெடுத்தால் மூஞ்சியில் அடித்தாற்போல் பேசுகிறவன் நான்.

அமரவிளைக்குப் பக்கத்தில் எங்கள் சபை. ஞாயிறு ஆராதனையின் நேரலைக்கு ஒரு லினக்ஸ் கணினி, ஒரே மாதிரி மூன்று யுஎஸ்பி மைக். கணினியைப் போடும்போதெல்லாம் மூன்றும் வரிசை மாறிவிடும். பாடகர் மைக்கை அடைத்தால் போதகர் ஊமையாவார். பழைய மைக்செட்காரர் பொன்னப்பன், மைக்குகளில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதினார். கணினி பிளாஸ்திரியைப் படிக்குமா? விழுந்து விழுந்து சிரித்தேன். சொருகிய துளையைப் பார்த்து மாறாத பெயர் கொடுக்கும் நிரல் ஒன்றை நானே எழுதி, கணினி ஓட்டும் கோப்பாகக் கம்பைல் செய்தேன். பெயர்கள் நிரலுக்குள்ளேயே இருக்கும். நான் மறுபடி கம்பைல் செய்யாமல் ஒரு எழுத்துகூட மாறாது.

அந்த ஞாயிறு, எங்கள் பாடகர் குழுவில் பாடும் ஜெஸ்னாவுக்கு முதல் தனிப்பாட்டு. அவள் அம்மா ஜெயபாய் நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி நாள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மகள் பாட்டை போனில் கேட்டுவிட வேண்டும், அவருக்கு அது ஒன்றுதான் ஆசை. ஆராதனை காலை ஆறரைக்கு.

5.31. நிரலை ஓட்டினேன். திரையில் மைக்குகளின் பெயர்கள் வந்தன. பிரசங்கம். வேதவாசகம். பாடகர்.

நான்காவதாக... ஜெயபாய்.

எரிச்சல் வந்தது. "அண்ணே, கம்ப்யூட்டரத் தொட்டியளா?"

"எனக்கு அதுக்க சுவிச்சே தெரியாது மக்கா," என்றார் பொன்னப்பன்.

மூன்று மைக்கையும் பிடுங்கினேன். மூன்று பெயர்களும் போயின. ஜெயபாய் போகவில்லை.

5.40. ஹெட்போனில்... மூச்சு. ஹ்ஹ்... ஹ்ஹ்... ஒவ்வொன்றின் முடிவிலும் மெல்லிய விசில்.

பொன்னப்பனிடம் நீட்டினேன். அவர் முகம் வெளுத்தது.

"எலே, இது ஜெயபாய் அக்காளுக்க இழுப்பாக்கும். பாட்டு கேக்க வந்திருக்கா. தொடாண்டாம்."

"சும்மா போங்கண்ணே. புரோகிராம்ல தப்பாக்கும்."

இந்த ஆளிடம் போய்க் காட்டினேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். மூன்று மைக்கையும் திரும்பச் சொருகினேன். அந்தப் பெயர் வந்தால் துண்டித்துவிடு என்று நிரலில் ஒரு வரி சேர்த்தேன். கம்பைல். ஓட்டினேன்.

விசில்... பாதியில் நின்றது.

5.52. ஜெஸ்னா வந்தாள். "அண்ணா, அம்மைக்குத் தெளிவா கேக்கும் இல்லியா?"

"கேக்கும்," என்றேன். பெருமையாக.

6.05. போன். ஜெஸ்னாவின் அப்பா ராஜப்பன்.

"அவ போயிட்டா மக்கா. பாட்டு எப்பம் தொடங்கும்னு கேட்டுட்டே கிடந்தா. இழுத்த மூச்சு பாதியில நின்னுட்டு."

"எப்பம்?"

"அஞ்சு நாப்பத்தேழு."

கம்பைல் ஆன கோப்பின் நேரத்தைப் பார்த்தேன்.

5.47.